இரண்டாக அறுத்த கஞ்சி டிரம்

நோன்பு மாதத்தில் மாலைத் தொழுகை அழைப்பான பாங்கு சொன்னதும் பள்ளிவாசலில் எல்லோருடைய கையும் பேரீச்சம்பழத்துக்குப் போகும். மூஸா மாமாவின் கண் மட்டும் தெருவுக்குப் போகும். பழத்தை விரலில் பிடித்தபடியே கேட் வரைக்கும் நடந்து வந்து, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பார்வை பார்ப்பார். தூக்குச்சட்டியோடு யாரும் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் பழம் வாய்க்குப் போகும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த வருஷத்திலிருந்து நான் இதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் எதிரே பள்ளிவாசலின் கஞ்சிக் கொட்டகைதான்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து டவுன் பஸ் வந்து திரும்பும் ஊர். சுற்றிலும் வயல், நடுவில் நாலு தெரு. எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒருவராவது அபுதாபியிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் சார்ஜாவில் இருந்தார். மூஸா மாமாவும் ஒருமுறை புறப்பட்டவர்தான். ரைஸ்மில்லில் நெல் அவித்துச் சேர்த்த பணத்தோடு பம்பாய் வரை போனார். விசா வாங்கித் தருவதாகச் சொன்னவன் ஒருநாள் காலையில் காணாமல் போனான். மாமா திரும்பி வந்துவிட்டார். "பம்பாய்க்குப் போய் என்ன கண்டீங்க?" என்று யாராவது கேட்டால், "அங்க கஞ்சிக்குத் தேங்காப்பால் ஊத்தத் தெரியல" என்பார். அவ்வளவுதான் அவருடைய பம்பாய்க் கதை.

வந்த வருஷமே பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் வேலை அவர் கைக்கு வந்தது. மற்ற மாதங்களில் வெளிநாட்டில் இருக்கிறவர்களின் தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொள்வார். கல்யாண வீடுகளில் பெரிய சமையல்காரருக்குத் துணையாகப் போவார். நோன்பு பிறந்துவிட்டால் கொட்டகையை விட்டு நகர மாட்டார். மதியத் தொழுகை முடிந்ததும் அடுப்பு எரியும். ஈயம் பூசிய பெரிய செம்புப் பானையில், அதைத் தேக்சா என்போம், நொய்யரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் போட்டு, கொத்துக்கறி சேர்த்து, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குவார். அவர் மனைவி ஹலீமா மாமியோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுக்கிறது என் வேலை. மாமி பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் வரிசை நிற்கும். பிள்ளைகள், பெரியவர்கள், பக்கத்துத் தெருக்களிலிருந்து நோன்பில்லாதவர்களும் வருவார்கள். யார் வந்தாலும் உண்டு. மாமா நீளக் காம்பு போட்ட குவளையால் மொண்டு மொண்டு ஊற்றுவார். சூரியன் இறங்குவதற்குள் வரிசை தீர வேண்டும் என்பது அவர் தமக்கே போட்டுக்கொண்ட சட்டம். "நோன்பு வச்ச வயிறு பாங்கு வரைக்கும் அல்லாஹ்வுக்காகக் காத்திருக்கு. அதுக்கு மேல காத்திருந்தா அது என்னாலதானே?" என்று ஹலீமா மாமியிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

தொண்ணூற்றாறாம் வருஷ நோன்பு சம்பா அறுவடையோடு சேர்ந்து வந்தது. வெளிநாட்டுப் பணம் வரவர கஞ்சிக்கு அரிசி, கறி என்று தருகிறவர்களும் கூடிவிட்டார்கள். கஞ்சி கூட, வரிசையும் கூடியது. வருஷா வருஷம் மொண்டு ஊற்றியே மாமாவுக்கு வலது தோள்பட்டை தூக்க முடியாமல் ஆகிவிட்டது. இரவில் ஹலீமா மாமி உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பார்கள். அந்த நோன்புக்குச் சில நாள் முன்னால்தான் அஹமது கபீர் லீவில் வந்தான்.

கபீர் எங்கள் தெரு சஃபியா மாமியின் ஒரே மகன். அபுதாபியில் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில், சமையல் கூடத்தில் வேலை. சின்ன வயதில் கஞ்சி வரிசையில் முதல் ஆளாக நின்று, வாங்கிக் குடித்துவிட்டுக் கடைசி ஆளாகவும் நிற்பவன் என்று மாமா அவனைக் கிண்டல் செய்வார். அவன் மாமாவின் தோளைப் பார்த்தான். நோன்பு பிறக்கும் தலைப்பிறைக்கு முந்தின நாள் தஞ்சாவூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு எவர்சில்வர் டிரம்மை இறக்கினார்கள்.

அது என் உயரத்துக்கு இருந்தது. ஒல்லியாக, பளபளவென்று, அடியில் ஒரு குழாய். வயிற்றுப் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுத்து வெட்டியிருந்தது. மேலே அஹமது, அதன் கீழே கபீர், அதற்கும் கீழே அன்பளிப்பு.

"மினாரா மாதிரியில்ல இருக்கு!" என்றார் மோதினார் இப்ராஹிம். பாங்கு சொல்கிறவர் அவர்தான்.

"கேம்ப்ல டீக்கு இப்படித்தான் வச்சிருக்கோம் மாமா," என்றான் கபீர். "ஒல்லியா இருந்தா சூடு ஆறாது. எடமும் அடைக்காது. நீங்க இனிமே மொள்ள வேணாம். குழாயத் திருகிட்டுச் சும்மா நின்னாப் போதும்."

மாமா டிரம்மைச் சுற்றி வந்தார். அவன் கன்னத்தைத் தட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் ஜன்னலிலிருந்தே பார்த்தேன்.

முதல் நாள் நாலு பேர் சேர்ந்து டிரம்மை ரொப்ப, குழாயைத் திருகியதும் கஞ்சி பாய்ந்தது. முதலில் நின்ற பிள்ளையின் தூக்கில் விழுந்து தெறித்து, சட்டை முழுக்கக் கொத்தமல்லி. அவசரமாகக் குழாயைப் பாதி மூடினார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போயிற்று. பாதி டிரம் இறங்கியதும் மூடியதை முழுக்கத் திறந்தார்கள். அப்புறம் திறப்பதற்கு ஒன்றுமில்லை, கஞ்சிதான் மெல்ல மெல்ல இளைத்தது. முதலில் கை மொத்தத்துக்கு வந்தது விரல் மொத்தமாகி, நூல் மாதிரி ஆயிற்று. அடியில் நொய்யும் பருப்பும் வந்து உட்கார்ந்து குழாய் வாயை அடைத்தன. மாமா ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி எடுத்தார். வரிசை பாதித் தெருவுக்கு நின்றது.

அறுப்பு முடிந்து வந்த காத்தாயி, இடுப்பில் கதிர் அரிவாளும் கையில் தூக்குமாக நின்றவள், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "என்ன பாய், குழாய்க்குச் சளி புடிச்சிருக்கா? இப்படிச் சொட்டுது! இது ரொம்புறதுக்குள்ள நான் அறுத்த நெல்ல அவிச்சுக் குத்திப் பொங்கிடுவேன் போலருக்கே."

வரிசை சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் மேற்கே பார்த்தார்.

"மோதினாரே, பாங்கு சொல்லக் கொஞ்சம் மெதுவாத்தான் ஏறுங்களேன்," என்றார்.

"என்கிட்ட ஏன்யா சொல்ற? சூரியன்கிட்டச் சொல்லு," என்று இப்ராஹிம் மோதினார் கடிகாரத்தைப் பார்த்தார்.

பாங்கு சொல்லிவிட்டார்கள். வரிசையில் ஆள் இருந்தது. மாமா தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனார். அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. டிரம்மை இரண்டு பேர் பிடித்துச் சாய்க்க, மிச்சக் கஞ்சியை ஊற்றி முடித்துவிட்டு, தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார்.

மறுநாள் வேறு வழி பார்த்தார். டிரம் இறங்க இறங்க, தேக்சாவில் மிச்சம் வைத்த கஞ்சியை வாளியில் எடுத்து மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் வேகம் குறையாதல்லவா? குறையவில்லைதான். ஆனால் அந்த உயரத்துக்கு ஊற்ற ஸ்டூல் மேல் ஏற வேண்டும். கொதிக்கிற வாளியோடு ஏறும்போது ஸ்டூல் ஆடியது. யாரோ பிடித்துக்கொண்டார்கள். ஹலீமா மாமிக்குச் செய்தி போய்விட்டது.

"தோளு போச்சு. இனி காலையும் ஒடச்சுக்கிட்டு வாங்க. கஞ்சியில போட்டுக் காய்ச்சிடலாம்," என்றார்கள் மாமி. ஸ்டூல் அன்றோடு எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிட்டது.

மூன்றாம் நாளும் பாங்குக்குப் பிறகு வரிசை நின்றது. தெருவில் பேச்சு கிளம்பியது. ஜமாஅத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் கொட்டகைக்கு வந்தார்கள். நான் பூண்டுக் கூடையோடு ஓரத்தில் இருந்தேன்.

"கபீர் இன்னும் பத்துப் பதினஞ்சு நாள்ல கிளம்பிடுவான். அதுவரைக்கும் ஓட்டுங்க. அவன் போனப்புறம் இத ஸ்டோர் ரூம்ல போட்டுட்டுப் பழையபடி மொண்டு ஊத்துங்க. புள்ள மனசு நோகாம முடிஞ்சிடும்," என்றார் ஒருவர்.

மாமா அடுப்பிலிருந்து விறகை இழுத்தார். "முன்னாடி நல்லா இருக்குன்னு சொல்லிட்டு, அந்தாண்ட போனதும் தூக்கிப் போடுறதா? அது புறம் பேசுற மாதிரியில்ல? நோன்பு வச்சுக்கிட்டு அத என்னால செய்ய முடியாது."

"அப்ப நேரா அவன்கிட்டச் சொல்லு."

"அதுவும் முடியல," என்றார் மாமா.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது. ஒரு பக்கம் வரிசை, ஒரு பக்கம் கபீர். இரண்டில் எதை விட்டாலும் அவருக்கு நோன்பு திறக்கும் பழம் தொண்டையில் இறங்காது.

அன்று இரவு தராவீஹ் தொழுகைக்கு முன்னால் கபீரும் சஃபியா மாமியும் மாமாவின் வீட்டுக்கு வந்தார்கள். ஹலீமா மாமி என்னையும் இருக்கச் சொன்னார்கள். மாமா தொண்டையைச் செருமினார்.

"டிரம்மு நல்ல கனமான தகடு தம்பி."

"ஆமா மாமா. மெல்லிசு வேணாம்னு சொல்லித்தான் செஞ்சேன்."

"குழாயும் நல்ல குழாய்."

"பித்தளை மாமா."

"மூடிகூட நல்லா..."

"அட, மூடிய விடுங்க!" என்றார்கள் சஃபியா மாமி. அவர்களுக்கு நாக்கு கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். "டேய் கபீரு, மூணு நாளா நான் பச்சத்தண்ணி குடிச்சு நோன்பு தொறக்குறேன். ஏன்னு கேட்டியா? உன் டிரம்மு வாசல்லதான் என் தூக்கு நிக்குது. மகன் வாங்கிக் குடுத்த டிரம்மு, பெத்தவளுக்குக் கஞ்சி இல்ல. ஊரு சிரிக்குது."

கபீர் மூன்று நாளும் பள்ளிவாசலுக்குள் சஹனில், நாலு பேரோடு ஒரே தட்டில், உட்கார்ந்து நோன்பு திறந்தவன். உள்ளே இருப்பவர்களுக்குக் கஞ்சி தேக்சாவிலிருந்தே போய்விடும். வெளி வரிசையை அவன் பார்த்திருக்கவில்லை. முகம் சுண்டிப் போயிற்று. மாமாவைப் பார்த்தான்.

"நெசமா மாமா?"

மாமா தலையை ஆட்டினார். "காலையில வா. ஒண்ணு பாக்கலாம். எனக்கே சரியாப் புரியல. ரெண்டு பேருமாப் பாத்தா புரியும்."

காலையில் டிரம்மில் கஞ்சிக்குப் பதில் தண்ணீர் ரொப்பினார்கள். குழாயைத் திறந்துவிட்டு இருவரும் குந்தி உட்கார்ந்தார்கள். நான் ஜன்னலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் முதலில் எலுமிச்சைச் செடி வரைக்கும் எட்டிப் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் செடியை விட்டு இந்தப் பக்கம் வந்தது. பிறகு பாதித் தூரம். பிறகு டிரம்மின் காலடியிலேயே விழுந்தது. உள்ளே தண்ணீர் இன்னும் இருந்தது, வெளியே வர மனசில்லாததுபோல வந்தது.

பக்கத்தில் பள்ளிவாசலின் ஹவுள், தொழுகைக்குக் கை கால் கழுவும் தொட்டி. அகலமான தொட்டி, ஆழம் முழங்காலுக்கு மேல் இராது. அன்று தண்ணீர் மாற்றுகிற நாள். தென்னைக்குப் போகிற அதன் வடிகுழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் எட்டிப் பாயவில்லை. ஆனால் அவர்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க ஒரே கல்லின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

கபீர்தான் அதை முதலில் கவனித்தான். "மாமா, அங்க பாருங்க. அது நகரவே இல்ல."

"அது அகலம். எவ்வளவு போனாலும் மட்டம் எறங்குறது தெரியல," என்றார் மாமா. "இது ஒல்லி. நாலு தூக்கு புடிச்சாலே மட்டம் சாண் எறங்கிடுது."

"மேல நிக்கிற தண்ணிதான் கீழ இருக்கிறதத் தள்ளுது போல. மன்னார்குடி பஸ்ஸுல ஏறுற மாதிரி. பின்னால கூட்டம் இருக்கிற வரைக்கும் முன்னால நிக்கிறவன் தானா உள்ள போயிடுவான். கூட்டம் கொறஞ்சா அவனே கால எடுத்து வைக்கணும்."

மாமா சிரித்துவிட்டார். கபீரும் சிரித்தான்.

"அறுத்துடலாம் மாமா," என்றான் கபீர்.

"என்னது?"

"நடுவுல அறுத்து ரெண்டாக்கிடலாம். மேல் பாதிக்கு ஒரு அடி வச்சு, இன்னொரு குழாய் போட்டா ரெண்டு டிரம்மு. குட்டையா இருந்தா நீங்க தரையில நின்னுக்கிட்டே தேக்சாவுலேர்ந்து ஊத்தி ரொப்பிக்கிட்டே இருக்கலாம். மட்டம் எறங்காது. ஸ்டூலும் வேணாம், மாமிகிட்டத் திட்டும் வேணாம்."

"உயரம் கொறஞ்சா வேகமும் கொறையுமேடா."

"கொறையட்டும். அந்த வேகத்த வச்சு என்ன செஞ்சோம்? சட்டையிலதான் ஊத்துனோம். குழாய் வாயப் பெரிசாப் போட்டுக்கலாம்."

மாமா எழுத்து வெட்டியிருந்த இடத்தைத் தடவினார். "உன் பேரு நடுவுல இருக்கே தம்பி. அறுத்தா பேரு போயிடும்."

"பேரையா கரைச்சுக் குடிக்கப் போறோம்? விடுங்க மாமா."

அன்றைக்கே கபீர் டிரம்மை டவுன் பஸ்ஸின் மேலே கட்டி நீடாமங்கலத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனான். அன்று மாலை மாமா பழையபடி மொண்டு ஊற்றினார். தோள் தாங்கவில்லை. பாதியில் குவளையை இப்ராஹிம் மோதினாரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றும் நாலைந்து பேர் பாங்குக்குப் பிறகே வாங்கிப் போனார்கள். டிரம்மை அறுத்தும் சரிவரவில்லையென்றால் இனிக் கஞ்சி வேலையே வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் ஹலீமா மாமியிடம் சொன்னார். மாமி என்னிடம் சொன்னபோது குரல் உடைந்திருந்தது.

மறுநாள் மதியம் கபீர் பஸ்ஸை விட்டு இறங்கினான். "போறப்ப ஒத்த ஆளு, வரும்போது ரெட்டப் புள்ளையா பாய்?" என்று கண்டக்டர் கேட்டாராம். இரண்டு குட்டை டிரம்கள். வெட்டு சரியாக எழுத்துகளுக்கு நடுவில் விழுந்திருந்தது. ஒன்றில் அஹமது மட்டும். இன்னொன்றில் கபீர் அன்பளிப்பு. சஃபியா மாமி வந்து பார்த்துவிட்டு, "பெத்தது ஒண்ணு, அறுத்து ரெண்டாக்கிட்டான்," என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இரண்டையும் உயரமான பலகை மேல் வைத்தார்கள். மாமா பின்பக்கம் ஒரு மரச்சட்டத்தைச் செருகி, குழாய்ப் பக்கம் லேசாகச் சாயும்படி செய்தார். அடியில் நொய் தங்காமல் கஞ்சியோடு நழுவி வரட்டும் என்று. அஸர் முடிந்தது. ஒரு குழாயில் கபீர் நின்றான், இன்னொன்றில் மோதினார் நின்றார். மாமா தேக்சாவுக்கும் டிரம்முக்கும் நடுவில் நின்று, இடது கையால் சின்ன வாளியில் எடுத்து இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

கஞ்சி பாயவில்லை, சொட்டவுமில்லை. முதல் தூக்குக்கு வந்த மாதிரியே பத்தாவது தூக்குக்கும் வந்தது. வரிசை இரண்டாகப் பிரிந்து நடந்தது. ஆமாம், நின்றது என்று சொல்ல முடியாது, நடந்தது. காத்தாயி அன்று சீக்கிரமே வந்திருந்தாள். "என்ன பாய், இன்னைக்குக் குறை சொல்ல ஒண்ணும் வைக்கலையே," என்று வாங்கிக்கொண்டு போனாள். பிள்ளைகள் மட்டும் சண்டை போட்டார்கள். "நான் அஹமதுல வாங்குனேன்." "போடா, கபீருதான் கெட்டியா வருது."

மோதினார் குழாயை விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். சூரியன் தென்னை மட்டைக்குக் கீழே போயிருந்தது. தேக்சா காலி. டிரம்களில் அடிக்கஞ்சி. வரிசையில் மூன்று பேர், இரண்டு பேர். கடைசியாக வந்தது சஃபியா மாமி. வேண்டுமென்றேதான் கடைசியாக வந்தார்கள் என்று நினைக்கிறேன். கபீர் தன் அம்மாவின் தூக்கை ரொப்பி மூடிக் கொடுத்தான். அவர்கள் வீட்டுப் படி ஏறிய பிறகுதான் பாங்கு கேட்டது.

மாமா கேட்டுக்குப் போனார். தெருவில் ஒரு ஆடு நின்றது, அதுவும் தூக்குச்சட்டி இல்லாமல். உள்ளே வந்து கபீர் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாயில் ஒரு பழத்தை வைத்துவிட்டு, தன் வாயிலும் வைத்தார். அந்த நோன்பு முழுக்கக் கஞ்சி வேலையை வேறு ஆளிடம் கொடுப்பது பற்றி அவர் பேசவில்லை. அதற்கப்புறமும் பல வருஷம் பேசவில்லை.

கபீர் பெருநாளுக்கு முன்பே அபுதாபிக்குப் போய், இன்னும் பல வருஷம் அங்கே இருந்துவிட்டு, ஊரோடு வந்து சேர்ந்தான். மோதினாரும் சஃபியா மாமியும் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார், இப்போது என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான்.

மூஸா மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கஞ்சி காய்ச்சுவது இப்போது கபீர். விறகுக்குப் பதில் கேஸ் அடுப்பு, தேக்சா அதேதான். இரண்டு டிரம்மில் ஒன்றுக்குக் குழாய் மாற்றியிருக்கிறார்கள். மாமா மதியமே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உப்பு சரியா என்று வாசனையை வைத்தே சொல்கிறார். ஹலீமா மாமியும் நானும் பூண்டு உரிக்கிறோம். இந்த வருஷமும் ஒருநாள்கூடப் பாங்குக்குப் பிறகு வரிசை நிற்கவில்லை.